பூட்டிய வீட்டு ஏசியும் செம்மண் தூசியும்: காயில் சுத்தம் செய்யும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளில் இருக்கும் ஏசிகளை இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். நாள்தோறும் ஓடுபவை ஒரு வகை. ஆண்டில் பத்து மாதம் பூட்டிக் கிடந்துவிட்டு, மாசி மாதக் குலதெய்வப் படைப்புக்கோ வீட்டுக் கல்யாணத்துக்கோ ஆட்கள் வந்து இறங்கும் நாளில் திடீரென்று இரவு பகலாக ஓட வேண்டியவை இன்னொரு வகை. இரண்டாவது வகைதான் அதிகம் பழுதாகிறது. அதற்குக் காரணம் ஓட்டமன்று. அழுக்கோடு கிடந்த காலம்தான். ஆகவே, காயிலைச் சுத்தம் செய்ய வேண்டிய நாள் வீட்டைத் திறக்கும் நாள் அல்ல, பூட்டும் நாளே என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் முறையைச் சொல்ல விரும்புகிறேன்.

மெல்லிய உலோகத் தகடுகளை நெருக்கமாகக் கோத்த குழாய்ச் சுருளைத்தான் காயில் என்கிறோம். ஸ்பிளிட் ஏசியில் இரண்டு காயில்கள் உண்டு. அறைக்குள் இருக்கும் பெட்டியிலுள்ள காயில் அறையின் வெப்பத்தையும் ஈரத்தையும் வாங்கிக்கொள்கிறது. மாடியிலோ பின்கட்டுச் சுவரிலோ இருக்கும் பெட்டியிலுள்ள காயில் அந்த வெப்பத்தை வெளிக்காற்றில் விடுகிறது. ஒரு டன் என்பது 3.5 கிலோவாட் வெப்பத்தை அகற்றும் திறன் என்பதால், ஒன்றரை டன் ஏசி ஐந்தே கால் கிலோவாட் வெப்பத்தை அறையிலிருந்து எடுக்கிறது. அதனோடு கம்ப்ரசர் தின்னும் மின்சாரத்தின் வெப்பமும் சேர்ந்து வெளிக்காயில் வழியாகத்தான் போயாக வேண்டும். கத்திரி வெயிலில் வெளிக்காற்றே நாற்பது டிகிரியைத் தொடும்போது, அதைவிடக் காயில் சூடாக இருந்தால்தான் வெப்பம் வெளியேறும். காயில் மேல் தூசி ஒரு கம்பளம்போலப் படிந்துவிட்டால் காற்று நுழைவது குறைந்து, குழாய்க்குள் சுற்றும் குளிரூட்டும் கேஸின் அழுத்தம் ஏறி, கம்ப்ரசர் கூடுதல் மின்சாரத்தை இழுத்துக்கொண்டு குறைவாகக் குளிர்விக்கும். உட்காயில் அடைபட்டால் விளைவு வேறு விதமாக இருக்கும்: போதுமான காற்று படாத காயில் உறைநிலைக்குக் கீழே போய்ப் பனிக்கட்டி கட்டிக்கொள்ளும், அது உருகும்போது சுவரெல்லாம் தண்ணீர் வழியும்.

இந்த இரண்டு நிலையிலும் வீட்டுக்காரர் காதில் விழுகிற முதல் வார்த்தை, “கேஸ் குறைஞ்சு போச்சு” என்பதே. ஏசியின் கேஸ், அடுப்புக் கேஸைப்போல எரிந்து தீர்வதன்று. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றே பொருள். ஆகவே காயிலைச் சுத்தம் செய்து பார்க்காமல், ஓட்டையைத் தேடிக் காட்டாமல், கேஸ் நிரப்பக் கேட்பவரிடம் பொறுமையாக இருக்கச் சொல்லுவதே நல்லது.

செட்டிநாட்டின் அழுக்குக்கு ஒரு தனிக் குணம் உண்டு. கடலோர ஊர்களில் காயிலைத் தின்பது உப்பு. தொண்டி, மீமிசல், கோட்டைப்பட்டினம் போன்ற ஊர்களில் அலையிலிருந்து கிளம்பும் உப்புத் துளிகள் காற்றோடு வந்து தகடுகளில் ஒட்டிக்கொள்கின்றன. கரையை விட்டு உள்ளே வர வர இந்த உப்பு வேகமாகக் குறைந்துவிடும். காரைக்குடிக்கு வருவதற்குள் அதன் வீரியம் அடங்கிவிடுகிறது. இங்கே நம்மைப் பிடித்திருப்பது செம்மண் தூசி. ஆடிக் காற்றில் அது நிலைவாசலைத் தாண்டி, நடு முற்றமுள்ள வளவு வரை வந்து படிவதை யாரும் பார்த்திருக்கலாம்; மாடியில் நிற்கும் பெட்டியை அது விட்டுவைக்குமா? புதுவயல் பக்கம் அரிசி ஆலைகளின் தவிட்டுத் தூசியும் உமிச் சாம்பலும் சேர்ந்துகொள்ளும். செம்மண் நைசானது, ஈரம் பட்டால் களியாகும், காய்ந்தால் ஓடுபோல இறுகும். ஆகவே நம் ஊரில் முதல் விதி, தண்ணீருக்கு முன் தூரிகை. தூசியை உலர்ந்த நிலையிலேயே தட்டி எடுக்காமல் நேராக ஹோஸ் பைப்பைப் பிடித்தால், மேலே இருந்த தூசி சேறாகித் தகடுகளின் இடுக்குகளுக்குள் இறங்கி, இரண்டு நாள் வெயிலில் செங்கல்லாகிவிடும். அதன் பிறகு எந்தக் கருவியாலும் அதை முழுமையாக எடுக்க முடியாது.

கடலோர வீட்டுக்காரர்களுக்கோ முறை தலைகீழ். உப்பைத் தட்டி எடுக்க முடியாது. கரைத்துத்தான் எடுக்க வேண்டும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினாலே ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும்; கடலுப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடு அதற்கும் வெகு கீழேயே, ஏறக்குறைய 33 விழுக்காட்டிலேயே, ஈரம் பிடிக்கும். எனவே கரையோரத்துக் காயிலின் மேல் பெரும்பாலான நேரம் கண்ணுக்குத் தெரியாத ஒரு உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கும். காயிலில் குழாய் செம்பு, தகடு அலுமினியம். இந்த இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் சேர்ந்தால், அதுவே ஒரு சிறிய பேட்டரி. அதில் கரைந்து போவது அலுமினியம். தகடுகளில் வெள்ளைப் பொடி பூப்பது அதனால்தான். தகடு குழாயை விட்டுக் கழன்றுவிட்டால், வெப்பம் போகும் பாலமே அறுந்துவிட்டதென்று கொள்ளலாம். பிறகு எவ்வளவு கழுவினாலும் பயனில்லை. இந்த அரிப்பைப் பற்றிய அறிவு நமக்கு அயலூர்ச் சரக்கன்று. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் நிதியிலும், 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடியிலுள்ள நம்முடைய ‘சிக்ரி’ என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், மண்டபத்தில் உலோகங்களைக் கடற்காற்றில் வைத்து அவை அரிக்கப்படும் விதத்தை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையத்தை நடத்தி வந்திருக்கிறது.

இனி வேலைக்கு வருவோம். வெளிப்பெட்டியிலிருந்து தொடங்குவதே என் வழக்கம். ஏனெனில் எல்லோரும் மறப்பது அதைத்தான்.

காலை வெயில் ஏறுவதற்கு முன் தொடங்க வேண்டும். சூடான காயிலில் சோப்புத் தண்ணீர் நிற்காமல் காய்ந்து கறையாகிவிடும். ரிமோட்டில் அணைத்தால் போதாது. அந்த ஏசிக்குரிய எம்சிபியை, அதாவது மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை, இறக்கி, ஸ்டெபிலைசர் இருந்தால் அதையும் அணைத்து, வீட்டிலுள்ள மற்றவர் யாரும் மறுபடி ஏற்றிவிடாதபடி சொல்லிவைக்க வேண்டும். இன்வெர்ட்டர் ஏசியின் வெளிப்பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சிறிது நேரம் அதிர்ச்சி கொடுக்கும் அளவுக்குச் சேமித்து வைத்திருக்கும் என்பதால் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அதன் பிறகும், பெட்டிக்குள் மின்சுற்றுகள் இருக்கும் மின்பலகைப் பக்கம் கையை விடக்கூடாது. பழைய வீடுகளில் வெளிப்பெட்டியை நாட்டு ஓட்டுச் சரிவுக்கு அப்பால், கைக்கு எட்டாத மூலையில் வைத்திருப்பார்கள். ஓட்டின் மேல் ஏறி நடக்க வேண்டிய நிலை இருந்தால், இந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டாம். ஏணிதான் போட வேண்டுமென்றால், கீழே பிடித்துக்கொள்ள ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும்.

வெளிப்பெட்டி பின்பக்கமும் ஒரு பக்கவாட்டிலுமாகக் காற்றை இழுத்து, முன்பக்க விசிறி வழியே வெளியே தள்ளுகிறது. ஆகையால் அழுக்கு சேர்வது சுவரை ஒட்டிய பின்பக்கத்தில்தான். முன்னால் நின்று பார்த்துவிட்டு ‘சுத்தமாகத்தான் இருக்கிறது’ என்று சொல்லுகிறவர்கள் பெட்டியின் முதுகைப் பார்த்ததில்லை. முதலில் இலை, சருகு, அணில் கொண்டுவந்து திணித்த நார், குளவிக் கூடு ஆகியவற்றைக் கையுறை போட்டுக்கொண்டு எடுத்துவிட வேண்டும். தகடுகளின் ஓரம் பிளேடுபோலக் கூராக இருக்கும் என்பதால் கையுறை அவசியம். அடுத்து, மென்மையான மயிர் உள்ள பெயிண்ட் பிரஷ்ஷை எடுத்து, தகடுகள் ஓடும் திசையிலேயே, அதாவது மேலிருந்து கீழாக, மெல்லத் துடைத்து வர வேண்டும். குறுக்கே ஒரு முறை தேய்த்தாலும் தகடுகள் மடங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வாக்குவம் கிளீனர் இருந்தால், மயிர் முனை மாட்டி, பிரஷ்ஷுக்குப் பின்னாலேயே அதையும் கொண்டு போகலாம். கம்பிப் பிரஷ்ஷோ தேங்காய் நாரோ கூடாது. தகடுகளின் மேல் நீல நிறத்தில் பூசியிருக்கும் பாதுகாப்புப் பூச்சைச் சுரண்டிவிடும்.

தூசி விழுவது நின்ற பிறகுதான் தண்ணீர். மூடியைக் கழற்றிப் பழக்கம் உள்ளவர்கள் மேல்மூடியை எடுத்து, மின்பலகை இருக்கும் பகுதியைப் பாலித்தீன் உறையால் இறுக்கமாக மூடிவிட்டு, உள்ளேயிருந்து வெளிப்புறம் நோக்கித் தண்ணீர் விடலாம். காற்று உள்ளே கொண்டுவந்த அழுக்கை வந்த வழியிலேயே திருப்பி அனுப்புவது இதுதான். பழக்கம் இல்லாதவர்கள் மூடியைத் தொடாமல், வெளியே நின்று, மேலிருந்து கீழாகச் சாய்வாகத் தண்ணீரை ஓட விட்டாலே பாதிக்கு மேல் பயன் கிடைக்கும். தோட்டத்து ஹோஸ் பைப்பின் வேகம் போதும். கார் கழுவும் பிரஷர் வாஷரைக் கிட்டே பிடித்தால், காகித கனத்துக்கு இருக்கும் தகடுகள் காற்றில் சாய்ந்த நெற்பயிர்போலப் படுத்துவிடும்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். உப்புக் கலந்த போர் தண்ணீரில் கழுவினால், தண்ணீர் காய்ந்தபின் வெள்ளைப் படிவு காயிலிலேயே தங்கும். கழுவியதன் நோக்கமே கெட்டுவிடும். வளவு முற்றத்தில் நான்கு பக்கக் கூரையிலிருந்தும் விழும் மழைநீரை அண்டாக்களில் பிடித்து வைக்கும் பழக்கம் இன்னும் உள்ள வீடுகளில், கடைசியாக அலசும் நீருக்கு அதையே பயன்படுத்தலாம். காயிலுக்கு அதைவிட நல்ல தண்ணீர் இல்லை.

எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டும் சோப்பு தேவை. சமையற்கட்டுப் புகைபோக்கி பக்கத்தில் வெளிப்பெட்டி வைத்திருக்கும் வீடுகளில் இது உறுதியாக இருக்கும். எண்ணெய் காய்ந்து வரும் புகைக்கு நம் ஊரில் குறைவேது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, கைத்தெளிப்பானால் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, காய்வதற்குள் அலசிவிட வேண்டும். நுரை முற்றிலும் நிற்கும் வரை அலச வேண்டும். பூச்சிமருந்து அடித்த தெளிப்பானை எடுத்துவிடாதீர்கள்.

நுரையைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. கானாடுகாத்தானில் எங்கள் பெரிய ஆச்சியின் மணிவிழாச் சாந்திக்கு நான்கு நாள் முன்பு, ஒரு ஆள் வந்து, கேனிலிருந்து ஏதோ ஒரு திரவத்தைக் காயிலில் தெளித்தார். புசுபுசுவென்று வெள்ளை நுரை பொங்கியது. ‘அழுக்கு எப்படி வருகிறது பாருங்கள்’ என்று எங்களுக்கும் காட்டினார். நாங்களும் பார்த்து மகிழ்ந்தோம். அழுக்கு பொங்கவில்லை, அலுமினியம்தான் கரைந்துகொண்டிருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. காஸ்டிக் சோடா போன்ற காரம் அலுமினியத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். அந்த வாயுக் குமிழிகளே நுரை. அடுத்த அறையில் அதே ஆள் அமிலம் கலந்த வேறொன்றைப் பயன்படுத்தியபோது, கீழே சொட்டிய இடமெல்லாம் ஆத்தங்குடிக் கல் பளபளப்பு இழந்து வெளுத்துவிட்டது. சிமெண்டால் செய்த அந்தக் கல்லுக்கு அமிலம் ஆகவே ஆகாது. ஆச்சி தளத்தைப் பார்த்துவிட்டு, “காத்து வரணும்னு கூப்பிட்டா, கல்லைக் கழுவிட்டுப் போயிட்டானப்பச்சி” என்றார். அந்தக் கறை இன்றும் இருக்கிறது.

ஆகவே அமிலமும் வேண்டாம், காரமும் வேண்டாம், பிளீச்சிங் பொடியும் வேண்டாம். வினிகர் இயற்கையானதுதானே என்று சிலர் சொல்வார்கள், அதுவும் வேண்டாம். அசிட்டிக் அமிலம், பார்மிக் அமிலம் போன்றவை ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்தால் செம்புக் குழாயின் சுவரில் நுண்ணிய வளைகளைக் குடையும். உருப்பெருக்கியில் பார்த்தால் எறும்புப் புற்றுபோலக் கிளை பிரிந்திருப்பதால் அந்த அரிப்புக்கே எறும்புப் புற்றின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். வெளியே ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது. கேஸ் மட்டும் மெல்ல மெல்ல வெளியேறும்.

கழுவி முடித்ததும் மடங்கிய தகடுகளைச் சரி செய்யலாம். இதற்கென்றே விற்கும் சீப்புக் கருவியைத் தகடுகளின் இடைவெளிக்குப் பொருந்தும் பல்லோடு வாங்கி, மேலிருந்து கீழாக ஒரே சீராக இழுக்க வேண்டும். ஒரு மணி நேரம் காயவிட்டு, மூடியை மாட்டி, அதன் பிறகே எம்சிபியை ஏற்ற வேண்டும்.

உட்பெட்டிக்கு வேலை குறைவு, கவலை அதிகம். முன்மூடியைத் திறந்தால் வரும் வலை ஃபில்டரை, ஏசி ஓடும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குழாய்த் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். இதை ஒழுங்காகச் செய்கிற வீட்டில் உட்காயில் ஆண்டுக்கு ஒரு முறை கழுவினால் போதும். காயில் கழுவும்போது தண்ணீர் வடிய, பெட்டிக்கு அடியில் கட்டும் பாலித்தீன் தொட்டில் கடைகளில் கிடைக்கிறது. அதைச் சுவரோடு இடைவெளி இல்லாமல் கட்ட வேண்டும். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் தேய்த்து மெருகேற்றிய பழைய சுவரில் செம்மண் நீர் ஒரு கோடு இறங்கினாலும் அதை எடுக்க ஆள் கிடைப்பது அரிது. பெரும்பாலான பெட்டிகளில் மின்பலகை வலது ஓரத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தை உறையிட்டு மூடிவிட்டு, பிரஷ்ஷால் தூசி எடுத்து, கைத்தெளிப்பானால் மட்டும் கழுவ வேண்டும். காயிலுக்குப் பின்னால் உருளையாகச் சுழலும் விசிறியில் கறுப்பாகப் பூஞ்சை படிந்திருந்தால், அதைக் கழற்றுவது தொழில் தெரிந்தவரின் வேலை.

கழுவிய நீர் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். நீரை வெளியே வடிக்கும் ட்ரெயின் பைப்பின் வெளிமுனையில் தண்ணீர் தாராளமாக விழ வேண்டும். பூட்டிக் கிடந்த வீட்டில் அது விழாவிட்டால், குளவி அந்தக் குழாய்க்குள் மண்கூடு கட்டியிருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். மெல்லிய வளையும் கம்பியால் முனையிலிருந்து உடைத்து எடுத்து, ஒரு குவளை நீர் ஊற்றிப் பார்த்துவிட்டு, முனையில் சிறு துளை வலை ஒன்றைக் கட்டிவிட வேண்டும். வேலை முடிந்ததும் அரை மணி நேரம் விசிறியை மட்டும் ஓட விட்டால் உள்ளீரம் உலர்ந்துவிடும். முதல் நாள் அடிக்கும் பூஞ்சை வாடையும் வராது.

சுத்தம் பயன் தந்ததா என்று தெரிந்துகொள்ளச் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று போதும். கதவை மூடி, குறைந்த வெப்பநிலையில் வைத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, பெட்டியின் மேற்புறம் உள்ளே போகும் காற்றையும் கீழே வெளியே வரும் காற்றையும் அளந்தால், வித்தியாசம் எட்டிலிருந்து பன்னிரண்டு டிகிரி வரை இருக்க வேண்டும். மழைக்காலத்து ஈரக் காற்றில் இது சற்றுக் குறையலாம். காயில் சுத்தமாக இருந்தும் வித்தியாசம் நான்கு, ஐந்து என்றே நின்றால், அப்போது கேஸ் ஓட்டையைச் சந்தேகிக்கலாம். புதிய ஏசிகளில் உள்ள ஆர்-32 கேஸும், சிலவற்றில் உள்ள ஆர்-290 என்ற புரோப்பேனும் தீப்பற்றக்கூடியவை என்பதால், குழாயில் கை வைப்பதைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிட வேண்டும். ஓட்டும்போது 24 டிகிரியில் வைப்பது நல்லது. 2020 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் அறை ஏசிகள் தொடக்கத்தில் அந்த எண்ணிலேயே வர வேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். பதினெட்டில் வைத்தால் இன்னும் சீக்கிரம் குளிரும் என்ற எண்ணம், உயர்ந்த மச்சுள்ள நம் அறைகளில் பில்லை மட்டுமே உயர்த்தும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று கேட்பார்கள். நாள்தோறும் ஓடும் ஏசியின் வெளிக்காயிலை மாசியில் ஒரு முறை, ஆடிக் காற்று அடங்கியதும் ஒரு முறை என்று வைத்துக்கொண்டால் நம் ஊருக்குப் போதும். ஆலைப் பக்கத்து வீடு என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள வீட்டில், வேறெதுவும் செய்யாவிட்டாலும், மாதம் ஒரு முறை வெளிக்காயிலை நல்ல தண்ணீரால் அலசிவிட வேண்டும்.

பூட்டிப் போகும் வீட்டுக்கு வருகிறேன். விசேஷம் முடிந்து, பாத்திரங்களைக் கழுவி உள்வீட்டில் அடுக்கும் அதே நாளில், ஏசியையும் மேலே சொன்னபடி கழுவி, ஒரு மணி நேரம் விசிறியை ஓட்டி உலர்த்தி, எம்சிபியை இறக்கிவிட வேண்டும். வெளிப்பெட்டியைத் தார்ப்பாயால் தலை முதல் கால் வரை சுற்றிக் கட்டுவது நம் ஊரில் பரவலான வழக்கம், அது தவறு. உள்ளே அடைபட்ட ஈரம் வெளியேற வழியில்லாமல் மாதக்கணக்கில் காயிலையும் மின்பலகையையும் அரிக்கும். போதாததற்கு எலிக்கு இருட்டான நல்ல வீடும் கிடைத்துவிடும். மேற்புறத்தில் மட்டும் ஒரு தகரமோ பலகையோ வைத்துக் கட்டிவிட்டு, பக்கங்களைக் காற்றோட்டமாக விட வேண்டும். குழாய்கள் சுவருக்குள் நுழையும் துளையைச் சிமெண்டாலோ களிம்பாலோ அடைத்துவிட்டால் பல்லி மின்பலகையில் ஏறிச் சாவதும், அதனால் பலகை எரிவதும் குறையும். சாவியை யாரிடம் கொடுத்துப் போகிறீர்களோ அவரிடம், கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு ஒரு நாள் வந்து, ட்ரெயின் பைப்பின் முனையையும் வெளிப்பெட்டியின் முதுகையும் ஒரு முறை பார்த்துவிட்டுப் போகும்படி சொல்லிவைத்தால், அடுத்த விசேஷத்துக்கு வந்து இறங்கும்போது எம்சிபியை ஏற்றுவது ஒன்றுதான் உங்கள் வேலையாக இருக்கும்.